காலியாக விட்ட கட்டம்

தாயி,

உன் அப்பா எழுதுகிறேன். நீ சென்னையில் இதைப் பிரிக்கும்போது காகிதத்தில் லேசாகப் பெருங்காய வாசனை அடிக்கும். கை கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நாற்பது வருஷத்து வாசனை சோப்புக்கு அடங்க மாட்டேன் என்கிறது. போனில் பேசலாமே என்பாய். போனில் என் வாய் என் பேச்சைக் கேட்காது, பத்து வார்த்தைக்குள் ஒரு அண்டாவை மூன்று அண்டாவாக்கிவிடும் என்பது உனக்கே தெரியும். எழுதுவதென்றால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்பை முக்கால்வாசி முடித்தவனுக்கு இந்த வேகத்தில் பொய் வராது. இதை இரண்டு பிரதி எடுக்கிறேன். ஒன்று உனக்கு, இன்னொன்று எங்கள் சமையல்காரர் சங்கத்து ஆண்டு மலருக்கு. "மாஸ்டர், உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க, மதுரையில உங்கள விட்டா யாரு இருக்கா" என்று கேட்டார்கள். எல்லோரிடமும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள், அது வேறு விஷயம். அவர்களுக்கும் இதே கடிதம்தான் போகிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நேற்றுக் காலையில் உன் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, உங்க மகளுக்கு ஆபீஸ்ல பெரிய பொறுப்பு குடுக்குறாங்களாம். அவ வேணாங்கப் போறாளாம்." நான் சிரித்தேன். என் மகளாவது, பொறுப்பு வேண்டாம் என்பதாவது? அம்மா சிரிக்கவில்லை. ஏதோ ஆஸ்பத்திரிக்குச் செய்கிற கம்ப்யூட்டர் பக்கமாம். நர்ஸம்மா கட்டத்தில் நோயாளியின் எடையைப் போட்டால், மருந்து எவ்வளவு ஏற்றுவது என்று அது சொல்லுமாம். அதற்கு நீ தலைமையாம், எல்லாம் சரி என்று நீதான் கையெழுத்துப் போட வேண்டுமாம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நீ அம்மாவிடம் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "அன்னைக்கு அந்த நானூறு எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலம்மா. ஒரு டிபன் கணக்கையே தொலச்சவ, உசுரு விஷயத்துல எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" பீன்ஸ் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. என் சிரிப்பும் நின்றது. ஆறு வருஷமாக அந்த நானூறை நீ தேடிக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதனால் முதலில் இருந்து வருகிறேன், அவசரப்படாமல் படி. விளாங்குடியில் இருந்து தினம் பஸ்ஸில் டவுனுக்குப் போய் நீ கம்ப்யூட்டர் படித்து முடித்த வருஷம், அப்பாவுக்கு ஒரு பரிசு என்று ஒரு பக்கம் செய்து கொடுத்தாய். மதுரைக்கே முதல் சமையல் பக்கம் அது. தென்னிந்தியாவுக்கே முதல் என்று நான் திண்டுக்கல் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை. மெயின் ரோட்டில் சேகர் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் என்னைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தாய். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏ.சி. குளிர், திரையில் நீலக் கோடு போட்ட கட்டங்கள். மதியம் எத்தனை பேர், சாயங்காலம் எத்தனை பேர், ஒரு பந்திக்கு எத்தனை இலை. இவற்றை நிரப்பினால் எத்தனை பந்தி ஓடும், அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, ரவை எவ்வளவு என்று கீழே வரிசையாக விழும். நான் ஒரு விரலால் மதியத்துக்கு ஐநூறு போட்டேன். பந்திக்கு எத்தனை இலை என்கிற கட்டத்தைத் தொடவில்லை. என் பந்திக்கு அளவு கேட்கிறவன் யார் என்கிற திமிர். பொத்தானை அமுக்கினால், பந்தி என்ற இடத்தில் இங்கிலீஷில் ஒரு நீளமான வார்த்தை வந்து நிற்கிறது.

"என்ன தாயி இது, யாரு பேரு?"

"பேரு இல்லப்பா. இன்ஃபினிட்டி. முடிவே இல்லாததுன்னு அர்த்தம். நீங்க இலைய காலியா விட்டீங்கள்ல, அத பூஜ்யம்னு எடுத்துக்கிட்டு ஐநூற பூஜ்யத்தால வகுத்திருச்சு. அப்படி வகுத்தா முடிவே இல்லாம போகும்."

சேகர் கல்லாவில் இருந்தபடியே, "மாமா, முடிவில்லாத பந்தியா? பாத்திரம் கழுவ ஆள் பத்தாதே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று மதியம் வீட்டில் அரிசி மூட்டை மேல் சாய்ந்து கண்ணை மூடினால், வைகை வந்தது. தண்ணீர் இல்லாத வைகை. கோச்சடைப் பக்கம் தொடங்கி மணல் முழுக்க இலை போட்டிருக்கிறது. நான் சாதக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் முகமும் தெரியவில்லை, கை மட்டும் தெரிகிறது. ஒவ்வொரு கையும் 'போதும்' என்று மறிக்கிறது, நான் போட்டுக்கொண்டே போகிறேன். கூடையும் குறையவில்லை, வரிசையும் முடியவில்லை. தூரத்தில் மணலும் வானமும் ஒட்டுகிற இடத்திலும் பச்சையாக இலை தெரிகிறது. அவ்வளவு சந்தோஷம், தாயி. எழுந்தபோது கையில் கரண்டிப் பிடி இருப்பது போலவே விரல் மடங்கியிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கனவு எனக்கு வாடிக்கையாகிவிட்டது. வேலை அசதியில் மதியம் சாய்ந்தால் போதும், மணலும் இலையும் வந்துவிடும்.

நீ என்னை மாதிரிக் கனவு காணவில்லை. மறுநாளே போய்க் கட்டங்களுக்கு வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தினாய். அதற்கு இஸ்ஃபைனைட் என்று பெயர் சொன்னாய். எவன் வந்தாலும், நீ முடிவுள்ள ஒரு எண்ணா என்று கேட்பானாம். ஆமாம் என்றால் உள்ளே, இல்லை என்றால் சிவப்பு எழுத்தில் 'எண்ணாக எழுதவும்' என்று வரும். வருகிறதை மட்டும் இல்லை, கணக்குப் போட்டு வெளியே போகிற விடையையும் அவன் ஒரு தடவை பார்ப்பானாம். அந்தக் காவல்காரனோடு நான் போட்ட சண்டை கொஞ்சமா? கல்யாண வீட்டில் யார் ஐநூறு என்று மொட்டையாகச் சொல்கிறார்கள்? மொய் மாதிரி ஒன்று சேர்த்துத்தானே சொல்கிறோம்? நான் 500+1 என்று போட்டேன். சிவப்பு. 'ஊர் பூரா' என்று போட்டேன். சிவப்பு. "ஏத்தா, ஐநூத்தி ஒண்ணு எண் இல்லையா? உங்க வாத்தியார் என்னதான் சொல்லிக் குடுத்தாரு?" என்றேன். "கூட்டித்தான் போடணும்ப்பா. மிஷினுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாது" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் போகிற மண்டபமெல்லாம், "என் மக வாசல்ல ஒருத்தன நிறுத்தியிருக்கா, கலெக்டரே வந்தாலும் எண் இல்லாம உள்ள விடமாட்டான்" என்று பீற்றினேன்.

இனி வருகிறது திருப்பரங்குன்றத்துக் கல்யாணம். இந்த இடத்தில் இருந்து என் ஜோடனையை நிறுத்திவிடுகிறேன். பெண்ணின் அப்பா ஜவுளிக்கடைக்காரர், நல்ல மனுஷன். மதியச் சாப்பாட்டுக்கு அறுநூறு என்று சொன்னார். சாயங்கால ரிசப்ஷனுக்கு டிபன், எத்தனை பேருக்கு என்று கேட்டேன். அவர் இரண்டு கையையும் விரித்து, "எம்புட்டுப் பேரு வந்தாலும் இல்லைன்னு சொல்லக் கூடாதுண்ணே, அம்புட்டுத்தான்" என்றார். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திருப்பிக் கேட்டால், உன் வீட்டுக்கு எத்தனை வாய் வரும் என்று அளக்கிற மாதிரி. பெரிய மாஸ்டருக்கு அது அழகில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. "உங்க வீட்டுக்கு எண்ணிக்கை எதுக்குண்ணே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன். சேகர் கடையில் உட்கார்ந்தேன். மதியம் அறுநூறு. பந்திக்கு நூறு இலை. சாயங்காலம் என்கிற கட்டத்தில் விரல் நின்றது. என்னிடம் எண் இல்லை. எழுத்தாகப் போட்டால் உன் காவல்காரன் விடமாட்டான், சேகர் வேறு பார்த்துச் சிரிப்பான். காலியாக விட்டேன். காலியாக விட்டால் அளவில்லை என்று அது புரிந்துகொள்ளும் என்று நினைத்தேன். அன்றைக்கு இன்ஃபினிட்டி காட்டியதே, அதே மாதிரி. பொத்தானை அமுக்கினேன். சிவப்பு வரவில்லை. தாள் அச்சாகி வந்தது. அப்படியே மடித்து மளிகைக் கடையில் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் போட்ட லிஸ்டை நான் ஏன் படித்துப் பார்க்க வேண்டும்?

கல்யாணத்தன்று நீயும் வந்திருந்தாய், மாம்பழக் கலர்ச் சேலையில். உன் பக்கம் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாயாம். மதியம் ஆறு பந்தியும் அம்சமாக ஓடியது. நாலு மணிக்கு நம்ம அழகர், பல வருஷம் என்னோடு கரண்டி பிடித்தவன், கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டான்: "அண்ணே, சாயங்காலச் சாமான் வேற வண்டியில வருதா? ரவையும் காணோம், மாவும் காணோம்." தாளைப் பிரித்தேன். சாயங்காலம் என்பதற்கு நேரே பூஜ்யம். ரவை பூஜ்யம், உளுந்து பூஜ்யம், எண்ணெய் பூஜ்யம், மேலிருந்து கீழே முட்டை முட்டையாக. அதற்குள் ஜவுளிக்கடைக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. "என்னண்ணே, எங்க வீட்டுக்கு வாரவுக பூஜ்யமா?" என்று மட்டும் கேட்டார். சுற்றி அவருடைய சம்பந்தி, மச்சினன், அழகர், பாத்திரம் கழுவுகிற பொம்பளைகள். தூணுக்குப் பக்கத்தில் நீ.

நான் சொன்னேன்: "நான் நானூறுன்னுதான் போட்டேன். இந்தா நிக்கிறா பாருங்க, இவ எழுதுன பக்கம் முழுங்கிருச்சு. படிச்ச லட்சணம்!"

நீ கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல், "நானூறுன்னு டைப் பண்ணீங்களாப்பா?" என்று கேட்டாய். "ஆமா" என்றேன். நீ தாளை வாங்கிப் பார்த்தாய். அழவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நான் ஊரெல்லாம் ஆள் அனுப்பி, கடை கடையாக மாவு வாங்கி, ஒரு மணி நேரத்தில் நானூறு பேருக்கு டிபன் போட்டேன் என்று சொல்லித் திரிந்தேனே, அது பொய். இரண்டரை மணி நேரம் ஆனது. பாதிப் பேர் மணமக்களைப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் நீ சேகர் கடையே கதியாகக் கிடந்தாய். நானூறு, நானூறு என்று நூறு தடவை போட்டுப் பார்த்தாயாம். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்ததாம். மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தாய். நான் ஊறப்போட்ட பயறை அரித்துக்கொண்டிருந்தேன். நீ எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னாய்: "அப்பா, ஒண்ணு கண்டுபிடிச்சேன். கட்டத்த காலியா விட்டா, அத பூஜ்யம்னு மாத்திக்கிட்டு, பூஜ்யமும் ஒரு எண்தானேன்னு அந்தக் காவல்காரன் உள்ள விட்டுர்றான். பந்திக் கட்டம் காலியா இருந்தா விடை இன்ஃபினிட்டியாகி மாட்டும், சாயங்காலக் கட்டம் காலியா இருந்தா விடையும் பூஜ்யந்தான், எதுலயும் மாட்டாது. அத அடச்சுட்டேன். இனி காலியா விட்டா சிவப்பு வரும்." பயற்றுத் தண்ணீரில் விரலை விட்டு ஒரு தடவை கலக்கினாய். பிறகு, "ஆனா நீங்கதான் காலியா விடலையே" என்றாய்.

அது கேள்வியா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நீ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது மாதிரி இருந்தது. நான் உள்ளே வந்திருக்கலாம். "நான் எதுக்கு காலியா விடப்போறேன்?" என்று சொல்லிப் பயறை இன்னொரு தண்ணீரில் கொட்டினேன். நீ எழுந்து போய்விட்டாய். அந்தப் பக்கத்தை அப்புறம் நீ திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அடுத்த வருஷம் சென்னைக்குப் போனாய். ஆபீஸில் எதையும் மூன்று தடவை பார்க்காமல் விடமாட்டாய் என்று உன் கூட இருக்கிற பிள்ளை அம்மாவிடம் சொன்னபோது, "என் பழக்கம்" என்று நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

இப்போது நன்றாகப் படித்துக்கொள். நானூறு எங்கேயும் போகவில்லை, தாயி. நான் போடவே இல்லை. அந்தக் கட்டத்தை நான்தான் காலியாக விட்டேன். தொலையாத ஒன்றைத்தான் நீ ஆறு வருஷம் தேடியிருக்கிறாய். உன் பக்கத்தில் இருந்தது ஒரே ஓட்டை. அதை மூன்றே நாளில், யாரும் காட்டிக் கொடுக்காமல், பொய் சொல்கிற அப்பனை வைத்துக்கொண்டே நீ கண்டுபிடித்து அடைத்துவிட்டாய். வேறு ஓட்டை கிடையாது. பத்துப் பேருக்கு முன்னால் உன்மேல் போட்ட பழியை உனக்கு மட்டும் எழுதித் துடைத்தால் அது பாதித் துடைப்பு. அதனால்தான் மலருக்கும் போகிறது. இதைப் படிக்கிற மாஸ்டர்கள் என் எதிரே சிரிக்கட்டும். ஜவுளிக்கடைக்காரருக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். இன்று காலையில் போனேன். அவர் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ள நல்லா இருக்கா?" என்றார்.

நான் இத்தனை வருஷம் பந்தி போட்டவன். எனக்கு இந்த விஷயம் உன்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். பந்தியில் இலை போடாத இடம் வேறு, இலை போட்டு ஆள் இல்லாத இடம் வேறு. இலை போடாத இடம் பூஜ்யம், அங்கே யாரும் வரப்போவதில்லை. இலை போட்டு, அதன் மேல் தண்ணீர் டம்ளர் வைத்து, ஆள் இல்லையென்றால், கை கழுவப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அந்த இடத்தைத் தாண்டிப் போகிறவன் பரிமாறத் தெரியாதவன். நின்று, "யாரு இங்க?" என்று கேட்க வேண்டும். மிஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனாலும் தாளில் எழுதும்போது மறந்தேன். நான் காலியாக விட்டபோது என் மனதில் இருந்தது அளவில்லாத கூட்டம். அது படித்துக்கொண்டது யாருமே இல்லை என்று. நடுவில் நின்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் என்னை மாதிரி ஒரு ஆள்தான், தாயி. இருபது நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, எடைக் கட்டத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று காலியாக விடும். அந்த அம்மா மனதில் ஒன்று இருக்கும், மிஷின் வேறொன்றைப் படிக்கும். பெரிய படிப்புப் படித்து, இதுவரை ஒரு அடியும் படாத ஒருத்தர் அந்த வாசலில் நிற்கட்டும் என்கிறாயா? காலி என்றால் என்ன என்று மண்டபத்து நடுவில் நின்று கற்றுக்கொண்டவள் நீ. உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, உன் மிஷின் பாஷையில் எனக்கு இரண்டு வார்த்தைதான் தெரியும். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே எழுது, அதுவும் ஒரு பதில்தான். ஆனால் அந்த நானூறை நினைத்து எழுதாதே. பதிலே போடாமல் திங்கட்கிழமையைக் கடத்தியும் விடாதே. உன் ஆபீஸிலும் காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருப்பார்கள்.

நேற்று மதியம் திரும்பவும் அந்தக் கனவு வந்தது. அதே மணல், அதே இலை, அதே கைகள். இந்தத் தடவை நடக்க நடக்க வரிசை முடிந்துவிட்டது. ஒரு கருவேல மரத்து நிழலில் கடைசி இலை. கழுவி வைத்த ஈரம் அதில் மின்னுகிறது. மேலே ஒரு டம்ளர், ஆள் இல்லை. பின்னால் வந்த அழகர், "அண்ணே, யாரும் இல்ல, எடுத்துரவா?" என்கிறான். "விடுறா, ஆளு வரும்" என்று சொல்லி, கூடையைக் கீழே இறக்கி, நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கால் வலிக்கவே இல்லை.

இந்தக் கடிதம் வியாழக்கிழமை உன் கையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு நடை வாரியா? நீ மட்டும் வந்தாலும் சரி, கூட இருக்கிற பிள்ளைகளைக் கூட்டி வந்தாலும் சரி. ஆனால் எத்தனை பேர் என்று சொல். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒருத்தரிடம் இரண்டாம் தடவையும் கேட்கிறேன்: எத்தனை பேர்? எண்ணாக எழுது, ப்ளஸ் ஒன்று போடாதே.

இங்கே நாங்கள் இரண்டு பேர். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அப்பா